நோயாளியும் அவையில் இருக்கிறார்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதையையும் கதையையும் பேசி வந்த இவ்வட்டம், 'கலையும் உடல்நலமும்' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தபோது சற்றுத் தயங்கினேன். உடல்நலத்துக்கான கலை என்றதும் நம் நினைவில் எழுபவை சுவரெழுத்து முழக்கங்களும், சுகாதார வாரத்தில் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் மெட்டுப் பாட்டுகளுமே. அவற்றை நாம் இலக்கியமாகக் கொள்வதில்லை. எழுதித் தரும்படி கேட்பவர்களும் இலக்கியமாகக் கேட்பதில்லை. இருசாராரும் இப்படி ஒதுங்கி நிற்பதனால் விளையும் கேடு என்ன என்பதை நான் என் சொந்த அனுபவத்தில் அறிந்தவன். அதனைச் சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே இவ்வழைப்பை ஏற்றேன்.

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்ற பழைய வழக்கை நான் இங்கே மீண்டும் எடுக்கப் போவதில்லை. என் கேள்விகள் சிறியவை. ஒரு கதையைக் கேட்டவர் தம் நடத்தையை மாற்றிக்கொள்கிறாரா? மாற்றிக்கொள்கிறார் எனில் எதனால்? கதை தவறாகச் சொல்லப்பட்டால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

முதற்கேள்விக்கு விடை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பெரு நாட்டில் 1969இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மரியா என்னும் கிராமத்துப் பெண் தலைநகர் லிமாவுக்கு வீட்டுவேலைக்கு வருகிறாள்; வசதி படைத்த இளைஞன் ஒருவனால் கைவிடப்படுகிறாள்; கைக்குழந்தையோடு இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கிறாள்; தையற்பொறி ஒன்றின் துணையால் வாழ்க்கையில் உயர்கிறாள். கண்ணீர்க் கதைதான். யாருக்கும் எதையும் போதிக்கும் எண்ணம் அதனை எடுத்தவர்களுக்கு இல்லை. ஆயினும் அத்தொடர் ஓடிய காலத்தில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் இரவுப் பள்ளிகளிலும் தையல் வகுப்புகளிலும் சேர்ந்தனர். தையற்பொறிகளின் விற்பனை பெருகிற்று. மரியாவுக்கும் அவளுடைய ஆசிரியருக்கும் திருமணம் நடப்பதாகக் காட்சி படமாக்கப்பட்டபோது, லிமாவின் தேவாலயம் ஒன்றின் முன் பல்லாயிரவர் பரிசுப் பொருள்களோடு திரண்டுவிட்டனர்.

மெக்சிகோவின் நாடக இயக்குநர் மிகேல் சபிதோ இதனைக் கூர்ந்து நோக்கினார். தற்செயலாக நிகழ்ந்ததைத் திட்டமிட்டு நிகழ்த்த முடியுமா என்று எண்ணினார். மனிதர் தாம் பட்டு அறிவதோடு பிறர் செய்வதையும் அதன் விளைவையும் கண்டும் கற்கின்றனர் என்ற உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் கொள்கை அவருக்குத் துணை நின்றது. 1975இல் அவர் தொடங்கிய தொடர் முதியோர் கல்வியைப் பற்றியது. பாடநூல் எங்கே கிடைக்கும் என்பதை ஒருநாள் தொடரின் முடிவில் அறிவித்தனர். மறுநாள் அக்கட்டடத்தை நோக்கி ஆயிரக்கணக்கானோர் திரண்டதில் மெக்சிகோ நகரத்தில் போக்குவரத்தே தடைப்பட்டது. 1977இல் வந்த அடுத்த தொடர் குடும்ப நலத்தைக் கருவாகக் கொண்டது.

சபிதோ வகுத்த முறையில் நம்போன்ற எழுத்தாளர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவர் கதைமாந்தரை மூவகையாகப் பிரித்தார். நன்னெறியில் நிற்பவர் ஒருவகை; தீநெறியில் செல்பவர் மற்றொரு வகை; இரண்டுக்கும் நடுவே நின்று தடுமாறுபவர் மூன்றாம் வகை. கேட்போர் தம்மைக் காண்பது இந்த மூன்றாமவரிடத்தில்தான். அவர் ஓரடி முன்வைத்து ஈரடி பின்வாங்குவார், அஞ்சுவார், அண்டை வீட்டார் என்ன சொல்வாரோ என்று எண்ணுவார், இறுதியில் ஒருநாள் துணிவார். அவர் துணியும் நாளில் கேட்போரிலும் சிலர் துணிகின்றனர். நல்லவனின் நன்மையைக் கண்டு எவரும் மாறுவதில்லை. தடுமாறுபவன் தேறுவதைக் கண்டே மாறுகின்றனர்.

இம்முறை 1984இல் இந்தியாவுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுத, ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் முதுபெரும் நடிகர் அசோக்குமார் தோன்றிப் பார்வையாளரோடு உரையாடினார். 1985 டிசம்பர் வரை 156 பகுதிகள். இந்தித் தொடராதலால் நம் பக்கத்தில் அதன் வேர் ஆழமாக இறங்கவில்லை. ஆனால் அதன் வரலாறு நமக்கும் பாடம். முதல் 13 பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் போதனை மிகுந்திருந்தது. மக்கள் அதனை விரும்பவில்லை. பின்னர் கதைப்போக்கை மாற்றி, போதனையைக் குறைத்து, ஒரு கீழ்நடுத்தரக் குடும்பத்தின் அன்றாட அல்லல்களை முன்னுக்குக் கொண்டுவந்த பிறகே தொடர் வேரூன்றியது.

இதில் வேறொரு பாடமும் உண்டு. குடிகாரக் கணவன் பசேசர் ராமின் கொடுமையைப் பொறுத்துக்கொண்டு அல்லற்படும் தாய் பாகவந்தியைப் படைத்தவர்கள், பெண்கள் இவளைப் போல் இருக்கக் கூடாது என்று உணர்த்தவே எண்ணினர். பின்னர் ஆய்வாளர்கள் பார்வையாளரை வினவியபோது, பெண்களுள் பலர் பாகவந்தியையே பின்பற்றத்தக்கவளாகக் கூறினர். எழுதியவர் கண்ணுக்கு எச்சரிக்கையாகத் தெரிந்தது, பார்த்தவர் கண்ணுக்குப் பெருமையாகத் தெரிந்தது. நாம் எழுதும் கதை நம் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

இனி ஆப்பிரிக்காவுக்கு வருவோம். தான்சானியா வானொலி 1993இல் 'காலத்தோடு செல்வோம்' என்று பொருள்படும் பெயருடைய சுவாகிலி மொழி நாடகத் தொடரைத் தொடங்கியது. அதன் எதிர்நிலை மாந்தன் ம்க்வாஜு என்னும் லாரி ஓட்டுநர். சுவாகிலியில் அச்சொல் புளியமரத்தைக் குறிக்கும். வழிநெடுகப் பெண் தொடர்பும் குடியுமாகத் திரியும் அவனை மனைவி துனு நெடுங்காலம் பொறுத்துக்கொள்கிறாள். பிறகு பிரிந்து சென்று சிறு வணிகம் செய்து தன் காலில் நிற்கிறாள். ம்க்வாஜு எய்ட்ஸ் நோயால் வீழ்கிறான். அப்போது அவனைப் பேணக் கதை துனுவையே மீண்டும் அழைத்து வருகிறது. 

இத்தொடரின் பயனை அளந்த முறையும் குறிப்பிடத்தக்கது. டொடோமா வட்டாரத்தில் மட்டும் இரண்டாண்டுகள் இதனை ஒலிபரப்பாமல் வைத்திருந்தனர். கேட்ட வட்டாரங்களையும் கேளாத வட்டாரத்தையும் ஒப்பிட்டபோது, கேட்ட இடங்களில் குடும்ப நல முறைகளைக் கையாள்வோர் மிகுந்திருந்தனர்; பாதுகாப்பற்ற உறவுகளைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னவர்களும் மிகுந்திருந்தனர். 1995இல் டொடோமாவிலும் ஒலிபரப்பத் தொடங்கியபின் அங்கும் அத்தகைய மாற்றம் தென்பட்டது. கதையால் நடத்தை மாறுமா என்ற ஐயத்துக்கு ஒரு நாட்டளவில் கிடைத்த விடை இது.

அவையோரே, நம் நாட்டிலும் இம்முயற்சி புதிதன்று. மதுவிலக்கின் நன்மையைப் பேச 1949இல் 'நல்லதம்பி' படத்தை எடுத்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், மேடையேறி அறிவுரை கூறும் தோரணையை ஒருநாளும் கைக்கொண்டவரல்லர். மக்கள் சிரித்தனர், சிரித்தபடியே தம்மைத் தாமே பார்த்துக்கொண்டனர். அந்த மரபை நாம் அறிவோம், போற்றுகிறோம். ஆனால் போற்றுதலோடு மட்டும் நிற்க முடியாத ஒரு படைப்பும் நம்மிடம் உண்டு. அதுவே 'இரத்தக்கண்ணீர்'.

திருவாரூர் கே. தங்கராசு எழுதி எம்.ஆர்.ராதா நடித்த அந்நாடகம், ஊர் ஊராக மேடையேறிய பின் 1954இல் திரைப்படமாயிற்று. ராதாவின் நடிப்புக்கு இணையில்லை. மூடப்பழக்கத்தையும் போலிப் பெருமையையும் அவர் குரல் கீறியதுபோல் வேறு எக்குரலும் கீறியதில்லை. கைம்பெண்ணுக்கே மறுமணம் அரிதாயிருந்த காலத்தில், தன்னால் வஞ்சிக்கப்பட்ட மனைவிக்குக் கணவனே மறுமணம் செய்து வைக்கும் முடிவு துணிவு மிக்கது. இவை யாவும் உண்மை. ஆனால் அக்கதையின் அச்சாணி எது? ஒழுக்கம் கெட்ட மோகனசுந்தரத்தைத் தொழுநோய் பற்றுகிறது. அந்நோய் அவனுக்கு வந்த தண்டனை. அந்த உருக்குலைந்த தோற்றமே பிறருக்கு எச்சரிக்கைச் சிலையாக நிற்கட்டும் என்பதோடு கதை முடிகிறது.

கடவுள் தண்டிப்பார் என்பதை ஏற்காத ஒரு பகுத்தறிவு நாடகத்தில், நோய் தண்டித்தது. பழைய வினைக்கொள்கை வேறுடை அணிந்து மேடைக்கு வந்ததை நம்முள் எவரும் அன்று கவனிக்கவில்லை.

அறிவியல் அன்றைக்கே வேறு சொல்லிற்று. தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்திருந்தார். அது ஒழுக்கக் கேட்டால் வருவதன்று. பரத்தமையோடு அதற்குத் தொடர்பே இல்லை. மருந்துண்ணாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகும்போது மூச்சுத் துளிகளின் வழியே பரவக்கூடியது. பெரும்பாலோர் உடலில் அதனை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. விரல்கள் அழுகி விழுகின்றன என்று ஊரார் நம்பியதும் பிழை. நோய் நரம்பைத் தாக்க, உணர்ச்சி மரத்துப்போகிறது. உணர்ச்சியற்ற கை சுட்டாலும் வெட்டுப்பட்டாலும் அறிவதில்லை. அந்தக் காயங்களே விரல்களைத் தின்கின்றன. இதனை விளக்கி, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை 1940களின் இறுதியிலேயே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொடங்கிவிட்டார். ராதா மேடையில் முடங்கிய கையை நடித்துக் காட்டிய அதே ஆண்டுகளில், அதே தமிழ்நாட்டில், முடங்கிய கைகள் நிமிர்ந்துகொண்டிருந்தன. அந்தச் செய்தியைப் பாட நம்மிடம் ஒரு கவிஞர் இல்லை.

இதன் விலையை யார் கொடுத்தார்? தோலில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்றைக் கண்ட மனிதன் மருத்துவரிடம் செல்வதில்லை, சட்டைக்குள் மறைக்கிறான். மறைப்பதனால் நோய் முற்றுகிறது, முற்றுவதனால் உருக்குலைகிறான், உருக்குலைந்தவனைக் கண்டு ஊர் மேலும் அஞ்சுகிறது. 1980களில் பரவிய கூட்டு மருந்து முறை இந்நோயை ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ முற்றிலும் குணப்படுத்துகிறது. மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் 2022-23ஆம் ஆண்டில்கூட நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் புதிய நோயாளிகளாகக் கண்டறியப்பட்டனர். 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கோரலாம் என்ற விதி 2019இல்தான் போயிற்று. மருந்து வந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னும் அச்சம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. அந்த அச்சம் ஒரு நாடகத்தால் பிறந்ததன்று, அது மிகப் பழையது. ஆனால் நம் காலத்தின் மிகச் சிறந்த நடிகர் அதற்குத் தம் குரலைக் கொடுத்தார்; நாம் கைதட்டினோம்.

பெரியவர்களைக் குறை கூறும் தகுதி எனக்கு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதே பிழையை அதைவிடச் சிறிய திறமையோடு செய்தவன் நான்.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரின் ஆய்வில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. 1990களின் நடுவில் தொண்டு நிறுவனம் ஒன்று வீதி நாடகம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டது. இரண்டே இரவில் எழுதினேன். நாயகன் லாரி ஓட்டுநர். முதற்காட்சியில் பாட்டும் சிரிப்பும். இடையில் பரத்தையர் வீடு. இறுதியில் எலும்புக்கூட்டு முகமூடி அணிந்த மரணம் பறையொலிக்கு ஆடிக்கொண்டே அவனை இழுத்துச் செல்லும். அந்தக் கடைசிக் காட்சிக்கு நான் எழுதிய பாட்டு எடுப்பாக இருந்தது என்று நண்பர்கள் பாராட்டினர். ஊர்தோறும் கைதட்டல்.

ஒரு சிற்றூரில் ஆட்டம் முடிந்து முகப்பூச்சைக் கழுவிக்கொண்டிருந்தோம். முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, அவன் பொண்டாட்டி என்ன ஆனான்னு நீங்க சொல்லவே இல்லையே?" என்று கேட்டார். நாடகத்தில் அப்படியொரு பாத்திரமே இல்லை, அம்மா என்றேன். "அவனுக்குப் பொண்டாட்டி இருந்திருப்பாளே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் கணவர் லாரி ஓட்டுநர் என்பதையும், ஆறு மாதத்துக்கு முன் இறந்தவர் என்பதையும் அவ்வூர்ச் செவிலியர் மறுநாள் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: அதுவரை இன்ன நோய் என்று தெரியாதிருந்த ஊருக்கு எங்கள் நாடகம் தெளிவாகத் தெரிவித்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அந்த வீட்டாரைப் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை.

அவ்வூரில் நாங்கள் நாடகம் போட்டது நோயைத் தடுக்க. அந்தப் பெண்ணுக்கு எங்கள் நாடகம் செய்தது, குடத்தைத் தூக்கிக்கொண்டு வயற்கிணற்றுக்கு நடக்க வைத்தது. திரும்பிச் சென்று ஊராரிடம் பேசினோம், செவிலியரும் பேசினார், சில வாரங்களில் நிலைமை ஓரளவு மாறியது. முழுவதும் மாறியதா என்று எனக்கு உறுதியில்லை. நான் எழுதிய எந்தக் கவிதையும் இன்றுவரை அந்த ஒரு கேள்வியின் அளவுக்கு என்னைத் தொடர்ந்து வந்ததில்லை.

பிறகு அந்நாடகத்தை மாற்றி எழுதினேன். எலும்புக்கூட்டு முகமூடியை எடுத்தேன். ஓட்டுநருக்கு ஒரு மனைவியையும் தாயையும் கொடுத்தேன். மனைவி பரிசோதனைக்குச் செல்வதா வேண்டாமா என்று தடுமாறுவதே கதையாயிற்று. தொட்டாலும் சேர்ந்து உண்டாலும் ஒரே குழாயில் நீர் பிடித்தாலும் இந்நோய் பரவாது என்பதை வசனமாகச் சொல்லாமல், அத்தை மருமகளின் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து உண்ணும் காட்சியாக வைத்தேன். கைதட்டல் குறைந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த பின் ஓரிருவர் தனியே வந்து, பரிசோதனை எங்கே செய்வார்கள், பெயரை வெளியே சொல்வார்களா என்று கேட்கத் தொடங்கினர். பழைய நாடகத்தின்போது எவரும் அப்படிக் கேட்டதில்லை. துனுவின் கதையைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்விக்குத் தான்சானிய எழுத்தாளர்கள் முன்பே விடை எழுதி வைத்திருந்ததைக் கண்டேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். நோயைப் பற்றிக் கதை எழுதும்போது, நோயற்றவர்களை எச்சரிப்பதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அவையில் நோயாளியும் இருக்கிறார். அவர் மனைவி இருக்கிறார். தனக்கு நோய் உண்டோ என்று ஐயுற்று எவரிடமும் சொல்லாதவர் இருக்கிறார். அச்சத்தை மட்டும் காட்டும் கதை, நோயற்றவரைச் சில நாள் அஞ்ச வைக்கும். நோயுற்றவரை நெடுநாள் ஒளிந்துகொள்ள வைக்கும். ஒளிந்த நோயே பரவுகிறது. ஆகவே அவர் எழுந்து சென்று மருத்துவமனை வாயிலை அடைவதற்கு நம் கதையில் ஒரு வழி இருக்கிறதா என்று பார்ப்பது அறத்தின்பாற்பட்டது மட்டுமன்று. நோயைத் தடுக்கும் வழியும் அதுவே.

இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோளை வைத்து முடிக்கிறேன். காசநோய்க்கு மருத்துவமனையில் கிடந்துதான் தீர வேண்டும் என்பதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு 1950களின் பிற்பகுதியில் நம் சென்னையில் நடந்தது. இன்று வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இரண்டாம் மாதத்திலேயே இருமல் அடங்கும், பசி எடுக்கும், வேலைக்குப் போகலாம் என்று தோன்றும். மூன்றாம் மாதத்தில் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். நோய் திரும்புகிறது, சிலருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகத் திரும்புகிறது.

நம் திரைப்படங்களில் காசநோயாளி இருமிக் குருதி கக்கி இறந்ததைப் பலமுறை கண்டுவிட்டோம். அந்த மூன்றாம் மாதத்தை எவரும் எழுதவில்லை. உடம்பு தேறிய ஒரு கொத்தனார் காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இது இன்னும் வேண்டுமா என்று யோசிக்கிறார். கூலி போய்விடும், மாத்திரை குமட்டுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார். மனைவி தண்ணீர்க் குவளையோடு நிற்கிறாள். அவர் என்ன செய்கிறார்? அந்த ஒரு நிமிடத்தை உண்மையாக எழுதிவிட்டால் அது நல்ல இலக்கியமாகவும் இருக்கும், ஒருவேளை ஒருவரை அந்த மாத்திரையை விழுங்கவும் வைக்கும்.

அடுத்த ஆண்டுக் கூட்டங்களில் ஒன்றையேனும் இதற்கென ஒதுக்குங்கள். ஒரு மருத்துவரை அழைத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லுங்கள். நோயிலிருந்து மீண்ட ஒருவரை அழைத்து முன்வரிசையில் அமர வைத்துப் படித்துக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்த்துப் படிக்க முடியாத வரியை அடித்துவிடுங்கள்.